மருதியின் மூக்கும் தின்னப்பட்ட தாளும்

குளக்கரையில் மருதி என்ற புள்ளிமான் காவல் நின்றது. சிறுத்தையின் வாடை காற்றில் வந்தால் அதன் மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும். நாவல் மரத்து உச்சியில் நெட்டையன் என்ற குரங்கு. அதற்குக் கண்காணிக்கிற வேலை. இரண்டும் சரியாக இருந்தால்தான் மான்குட்டிகள் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கும்.

ஒருநாள் சளி பிடித்து மருதியின் மூக்கு அடைத்துக்கொண்டது.

"கவலையை விடு அக்கா!" என்று நெட்டையன் ஒரு குப்பியை நீட்டியது. வனவிடுதியில் தங்கியவரின் பையிலிருந்து சுட்டது. "மூக்கடைப்புச் சொட்டு மருந்து! அவர் ரெண்டு சொட்டு விட்டார், படக்கென்று திறந்தது!"

"எத்தனை நாள் விடணும்னு தாள் இருந்திருக்குமே?"

"இருந்தது. பிஸ்கட் வாசனை அடித்தது. தின்றுவிட்டேன்!"

தின்றுவிட்டதாம்! படிக்க வேண்டிய தாளை!

இரண்டு சொட்டில் மூக்கு திறந்தது. மருதிக்குக் கொண்டாட்டம், தினமும் விடச் சொன்னது. ஆனால் நாலைந்து நாளில், ஒவ்வொரு முறை மருந்தின் வேகம் அடங்கியதும் மூக்கு முன்னைவிட இறுக அடைத்தது. மறுபடி சொட்டு. மறுபடி அடைப்பு. பத்தாம் நாள் மணிக்கொரு தரம், "டேய், இறங்கி வாடா!" மானுக்குக் கையில்லையே, குரங்குதான் இறங்கி வந்து விட வேண்டும்.

அப்படி இறங்கிய நேரத்தில் சிறுத்தை வந்தது. மூக்கும் இல்லை, மரத்தில் கண்ணும் இல்லை! "சிறுத்தை! ஓடுங்கள்!" என்று அந்தப் பக்கம் பறந்து வந்த கீச்சி என்ற மைனா கத்தியிராவிட்டால் ஒரு குட்டி போயிருக்கும்.

மூச்சு வாங்கியபடி மருதி சீறியது. "மருந்துக்கு வீரியம் போதவில்லை! பெரிய குப்பியாகக் கொண்டு வா!"

"அந்த மருந்தாலதான் அடைக்குது!" என்றது கீச்சி. அதன் கூடு ஆஸ்பத்திரிக் கூரையில். "மூணு நாளுக்கு மேல விடாதீங்க, அடுத்தவர் மருந்தை எடுக்காதீங்கன்னு டாக்டரம்மா தினமும் தொண்டை வறளச் சொல்றாங்க!"

"திறக்கிற மருந்து அடைக்குமா? என்ன நியாயம் இது?"

"நியாயத்தை உன் மூக்குகிட்ட கேள்! நிறுத்திப் பார். திறக்கலைன்னா என் கூட்டைப் பிய்த்துப் போடு!"

சவால் என்றால் மருதி விடுமா? குப்பியைக் குளம்பால் நொறுக்கியது. "என் மூக்கு இப்போது உதவாது" என்று மந்தையிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னது. காவலுக்கு வேறொரு மான் நின்றது. சில நாள் மருதிக்கு வாயால்தான் மூச்சு. பிறகு அடைப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

மீண்டும் காவலுக்கு வந்த முதல் காலையே அது துள்ளியது. "சிறுத்தை வாடை! ஓடுங்கள்!" குட்டிகள் பறந்தன.

மரத்தில் நெட்டையன் திருதிருவென்று விழித்தது. "எங்கே அக்கா? எனக்குத் தெரியவே இல்லையே!"

"தாளைத் தின்றவனுக்கு என்னடா தெரியும்!"

கோரைப் புல்லுக்குள் சிறுத்தை முனகியது. "அடச்சே! மருந்தை நிறுத்திவிட்டாளா?"

அளவும் நாளும் அறியாமல் விடும் மருந்து, தீர்க்க வந்த நோயையே திரும்பக் கொண்டுவரும்.