தேளின் வால் எந்தப் பக்கம்?

வெகு காலத்துக்கு முன்னே செங்கழுநீர்ப்பட்டணத்தை மதயானைராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்தால் சிரிப்பான், நினைத்தால் சீறுவான். நட்சத்திரங்களின் இடத்தைக் காட்டும், அவன் பாட்டனார் காலத்துச் செப்பு வான உருண்டையின்மேல் ஒருநாள் பட்டத்து யானை உட்கார்ந்துவிட்டது. உருண்டை அப்பளமாகிவிட்டது!

"ஆள் உயரத்துக்குப் புதிதாக ஒன்று வேண்டும்!" என்று குதித்தான் ராஜா.

செம்பு வேலைக்காரி அங்கம்மை ஆறு மாதம் தட்டித் தட்டிச் செய்தாள். நட்சத்திரத்துக்கு ஒரு துளை. உள்ளே விளக்கு வைக்க வசதியாக, மேலிருந்து கீழாகப் பிரியும் இரண்டு பாதிகள்.

சபையில் அதைப் பார்த்ததும் ஆஸ்தான சோதிடர் அனந்தகிரிக்கு வயிறு எரிந்தது. அந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர நினைத்திருந்தவர் அவர்.

"மோசம், மகாராஜா! வானத்தில் விருச்சிகத் தேளின் வால் இடப்பக்கம் வளையும். இவள் வலப்பக்கம் வளைத்திருக்கிறாள். எல்லாமே இடவலம் மாறிக் கிடக்கிறது!"

"என் வானத்தையே திருப்பிவிட்டாளா? இதை உருக்கிச் சோதிடருக்கு எச்சில் படிக்கம் செய்யுங்கள்! இவளை நாடு கடத்துங்கள்!"

அங்கம்மை தன் உருண்டையைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு மாத உழைப்பு, படிக்கமா? சோதிடர் மார்பை நிமிர்த்தி வெளியேறியதும் அவள் ராஜாவை நெருங்கினாள்.

"மகாராஜா, நான் செய்தது சரியென்று அவர் வாயாலேயே சொல்ல வைக்கட்டுமா?"

"அனந்தகிரியா? உன்னையா?" ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். "நாளை மத்தியானம் வரை பொறுப்பேன்."

"ஒரே ஒரு உதவி. நீங்கள் சிரிக்கக் கூடாது."

மறுநாள் உச்சி வெயிலில், அரண்மனை முற்றத்தில் கறுப்புத் துணிக் கூடாரம் ஒன்று நின்றது.

"அனந்தகிரி, தூரதேசத்துச் சிற்பி ஒருவர் வானம் செய்து அனுப்பியிருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லும்" என்றான் ராஜா.

சோதிடர் நுழைந்தார். உள்ளே கும்மிருட்டு. எதிரே நூறு நூறு ஒளிப்புள்ளிகள்.

"ஆகா! தேளின் வால் இடப்பக்கம்! இம்மியும் பிசகில்லை!" என்று உள்ளிருந்து கூவினார். ராஜா அங்கவஸ்திரத்தை வாயில் திணித்துக்கொண்டான். "இவரல்லவா சிற்பி! அந்த அங்கம்மையை இவர் காலில் விழுந்து கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்!"

அங்கம்மை கயிற்றை இழுத்தாள். துணி சரிந்தது. சோதிடர் உட்கார்ந்திருந்தது அவளுடைய உருண்டையின் பாதிக்குள்! அதன் முதுகுப்பக்கம் மட்டும் துணி மூடாமல் வெயிலில் கிடந்தது; துளைகள் வழியே புகுந்த வெயில்தான் நட்சத்திரமாக மின்னியிருக்கிறது.

சபை வெடித்துச் சிரித்தது. மந்திரி சிரித்த சிரிப்பில் தலைப்பாகை கழன்று ஓடியது.

"மகாராஜா, வானத்தை நாம் உள்ளே நின்று பார்க்கிறோம், உருண்டையை வெளியே நின்று பார்க்கிறோம். ஊசியால் குத்தி எழுதிய ஓலையைத் திருப்பினால் எழுத்தும் திரும்பித்தானே தெரியும்?" என்றாள் அங்கம்மை.

"எனக்கு அப்போதே லேசாகச் சந்தேகம்..." என்று இழுத்தார் சோதிடர்.

"சந்தேகம் தீர, வெள்ளிக்கிழமைதோறும் இதைப் புளி போட்டு நீரே தேய்த்து விளக்கும்!" என்றான் ராஜா. "அங்கம்மா, இனி நீ அரண்மனை வானச் சிற்பி. சபையில் இவருக்கு முன்வரிசையில் உன் இருக்கை."

சொல்லிவிட்டுத் துணியை மூடச் சொல்லி, தானே உள்ளே தவழ்ந்தான். சாப்பாடும் உள்ளேயே போயிற்று. கூப்பிடப் போன ராணியும் திரும்பவில்லை. மந்திரிகள் வெளியே வரிசையில் நின்று, "சீக்கிரம், மகாராஜா!" என்று கெஞ்சினார்கள்.

அங்கம்மை வீட்டுக்குப் போய், ஆறு மாதத்தில் முதல்முறையாக ஆற அமர உட்கார்ந்து சாப்பிட்டாள்.