பொது அறைக்குக் கதவு பொருத்தியவன்

ஒரு பதிப்பகத்தின் லினக்ஸ் சர்வருக்குள், எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் கோப்புறையான பொது அறை ஒருத்தி வசித்து வந்தாள். பதிப்பகத்தின் பிரதிகள், படங்கள், அட்டைகள் எல்லாம் அவளிடம்தான் இருந்தன. அங்கே வேலை செய்பவர் ஒவ்வொருவருக்கும் அதே சர்வரில் தனி வீடு உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் அவளிடம் வந்து சேரும் கதவு ஒன்று இருந்தது. இருந்த இடத்தை விட்டு அசையாமல் எல்லார் வீட்டிலும் இருப்பது தெய்வங்களுக்கு மட்டுமே வாய்த்த வசதி என்பதால் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்.

கதவுகளைப் பொருத்துபவன், எழுதிவைத்த கட்டளைகளை வரிவரியாக நிறைவேற்றும் ஒரு ஸ்கிரிப்ட். சர்வர் விழிக்கும்போதெல்லாம் வீடு வீடாகப் போவான். "இங்கே ஏற்கெனவே கதவு இருக்கா?" என்று கேட்காமல் எங்கும் கைவைக்க மாட்டான்.

"இப்பதானே எழுந்தோம், அதுக்குள்ள எப்படி இருக்கும்?" என்பாள் பொது அறை.

"கேட்டுட்டா நல்லதும்மா."

"கேட்டுக் கேட்டே உமக்கு வயசாயிடும்."

ஒருநாள் தமயந்தி என்பவர் வேலையை விட்டுப் போனார். அவர் வீட்டைக் காலி செய்யும்படி சர்வரைப் பராமரிக்கும் எட்வின் உத்தரவிட்டார். ஸ்கிரிப்ட் வந்தான், கூடவே டெலீட் என்ற கட்டளையும் வந்தான். டெலீட் சுறுசுறுப்பானவன். கதவைக் கண்டால் அதற்கு அப்பால் இருப்பதையும் வழித்தெடுத்துவிடுவான்; யாருடையது என்று விசாரிக்கும் பழக்கம் கிடையாது. எல்லார் வீட்டிலும் இருப்பது பொது அறைக்கு முதன்முறையாகப் பயமாக இருந்தது.

"முதல்ல கதவைக் கழற்றுறேன். கூப்பிட்டா மட்டும் உள்ளே வா," என்று டெலீட்டிடம் சொன்னான் ஸ்கிரிப்ட்.

கதவு கழன்று வரவில்லை. தமயந்தி ஏவிவிட்டுப் போன நகலெடுக்கும் வேலை ஒன்று, கை நிறையப் படங்களோடு நிலைப்படியில் நின்றது.

"நகருப்பா."

"அவங்க நிறுத்தச் சொல்லலையே."

டெலீட் பொறுமையிழந்தான். "அண்ணே, கதவு வந்துடுச்சுன்னு வெச்சுக்கிட்டு அடுத்த வரிக்குப் போங்க. மத்த ஸ்கிரிப்டெல்லாம் அப்படித்தான் போறாங்க."

"அப்படிப் போன ஒருத்தனோட சர்வரைப் பார்த்திருக்கேன், தம்பி."

"என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லை. ரொம்பச் சுத்தமா இருந்துச்சு."

ஸ்கிரிப்ட் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். பிறகு, 'கதவு கழலவில்லை. நிறுத்திவிட்டேன்' என்று எட்வினுக்கு எழுதிவைத்து, டெலீட்டைக் கூப்பிடாமலேயே தன் ஓட்டத்தை முடித்துக்கொண்டு போனான். கூப்பிடாத வீட்டுக்குள் நுழைய டெலீட்டுக்கு வழியில்லை, முனகிக்கொண்டே திரும்பினான்.

தன் வேலையைப் பாதியில் விட்டு ஒருவன் இவ்வளவு கம்பீரமாகப் போனதைப் பொது அறை அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் காலை அந்தக் குறிப்பைப் படித்த எட்வின், "இந்த ஸ்கிரிப்ட் எதையும் உருப்படியா முடிக்கிறதில்லை," என்று அலுத்துக்கொண்டே, அன்று அச்சுக்குப் போக வேண்டிய புத்தகத்தைப் பொது அறையிலிருந்து எடுத்தார்.

அதில் ஒரு காற்புள்ளிகூடக் குறையவில்லை.