கண் வைத்த இயந்திரம்

கடைசி இலையைக் குரங்கு புரட்டி முடித்தபோது மான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

படத்தில் வந்த இரும்பு அரக்கன் அப்போதுதான் அருவியில் விழுந்து செத்திருந்தான். எல்லோரும் கைதட்ட வேண்டிய இடம். யாரும் தட்டவில்லை.

கரடி எழுந்தது. காட்டோரத்தில் மண் தோண்டும் இயந்திரம் ஒன்று வந்து நின்ற அன்றே, அதைப் பார்த்து எல்லோரும் பயப்படும்படி ஒரு படம் வேண்டும் என்று முள்ளம்பன்றியிடம் கேட்டது கரடிதான். முள்ளம்பன்றி, உதிர்ந்த முள்ளால் நானூறு தேக்கு இலைகளில் கீறித் தந்திருந்தது. வேகமாகப் புரட்டினால் உருவங்கள் அசையும்.

"அரக்கன வரையச் சொன்னா, அநாதைப் பிள்ளைய வரைஞ்சு வச்சிருக்கியே தங்கச்சி" என்றது கரடி.

"கண்ணு வைக்காம எனக்குக் கை ஓடாதுண்ணே. வச்சேன். அது பாவமாப் பாத்துருச்சு."

இயந்திரத்துக்கும் மனசு உண்டு, இதமாகப் பேசினால் கேட்கும் என்றது மான். மனசு உண்டு, ஆனால் கெட்ட மனசு, மிரட்டினால்தான் கேட்கும் என்றது கரடி. இரண்டிலும் உண்மை இருப்பதாகச் சொல்லி நரி நடுவில் உட்கார்ந்துகொண்டது. கடைசியில், நேரிலேயே போய்ப் பேசிவிடுவது என்று முடிவாயிற்று.

முள்ளம்பன்றியும் கூடப் போயிற்று. இயந்திரத்தின் மண்வாளிக்கு நேர் எதிரே, பத்தடியில்தான் முள்ளம்பன்றியின் வளை இருந்தது. உள்ளே இரண்டு குட்டிகள்.

இயந்திரத்தின் முன்விளக்குகளைப் பார்த்து மான் கெஞ்சியது. கரடி உறுமியது. இயந்திரம் அப்படியே நின்றது.

"யோசிக்குது" என்றது மான்.

"நடுங்குது" என்றது கரடி.

முள்ளம்பன்றி பின்பக்கமாகச் சுற்றிப் பார்த்தது. மேலே இருக்கை காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு துண்டு கிடந்தது. தள்ளி, புளியமரத்தடியில், முதுகைக் காட்டி உட்கார்ந்து ஓர் ஆள் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

முள்ளம்பன்றி ஓடி வந்தது. "அண்ணே, இத ஓட்டுறவன் அங்க இருக்கான். தயிர் சோத்து வாசம் வருது, இப்ப எந்திரிச்சுருவான். இதுக்குக் கண்ணெல்லாம் கிடையாது, அது நான் வச்சது."

"வரைஞ்சவங்களுக்கு அவங்க படத்தோட ஆழம் தெரியாது" என்றது நரி.

ஓட்டுகிறவனைப் பற்றிப் பேச யாருக்கும் ஆர்வமில்லை. படத்தில் அப்படி ஓர் ஆளே வரவில்லை.

இடது விளக்கு சற்றுமுன் சிமிட்டியதா இல்லையா என்று மானும் கரடியும் வாதிடத் தொடங்கின. தீர்ப்புச் சொல்ல நரி அவகாசம் கேட்டது.

அந்த ஆள் எழுந்து கை கழுவினான்.

முள்ளம்பன்றி முதல் குட்டியை ஓடைக்கு அப்பால் விட்டுவிட்டு வந்து, இரண்டாவதைக் கவ்விக்கொண்டு அவர்கள் நடுவே புகுந்தது. மான் பேச்சை நிறுத்தாமல் ஒரு காலைத் தூக்கி வழிவிட்டது.

நீதி: இயந்திரம் நல்லதா கெட்டதா என்று வாதிடுமுன், அதை ஓட்டுகிறவன் எங்கே என்று பார்த்துவிடு.