ஆடித் தள்ளுபடி

ஊரே ஆடி விற்பனைக்கு முட்டி மோதுகிறது. ஜவுளிக்கடை முதலாளி நல்லபெருமாளோ, கடையைக் கணக்கப்பிள்ளை தலையில் கட்டிவிட்டு ஆற்றங்கரை மடத்துக்கு வந்துவிட்டார். அவருடைய குரு தாண்டவ சாமிக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும்.

கொண்டுவந்த புது வேட்டியைச் சாமியின் முன்னால் வைத்தார். வைத்த கையோடு அழுதுவிட்டார்.

“என்னாச்சு முதலாளி?”

“பொண்ணு நினைப்புதான் சாமி. யாமினியைப் பார்த்து ரெண்டு வருஷமாச்சு. தலை ஆடிக்குக்கூட அவளை அழைக்கலை. சோறு இறங்க மாட்டேங்குது.”

யாமினி தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனவள். “இனி இந்த வாசப்படி மிதிக்கணும்னா ஊரறியக் காலில் விழணும்” என்று அன்றைக்குத் தெருவே கேட்கக் கத்தியவரும் இதே நல்லபெருமாள்தான்.

“அப்புறம் மனசு கேக்கலை சாமி. வீட்டுக்குள்ள விழுந்தாப் போதும்னு ஆள் விட்டுச் சொன்னேன். வரலை. விழ வேண்டாம், மன்னிப்பு கேட்டாப் போதும்னேன். வரலை. போன மாசம் அதையும் தள்ளுபடி பண்ணிட்டேன், சும்மா வரட்டும்னு. இன்னும் நான் எவ்வளவுதான் குறைக்கிறது?”

சாமி வேட்டியைக் கையில் எடுத்தார். விலைச்சீட்டில் எண்ணூறை அடித்துவிட்டு ஐந்நூறு என்று போட்டிருந்தது.

“அடேயப்பா! இவ்வளவு குறைச்சா நஷ்டம் வராதா?”

அழுகைக்கு நடுவிலும் நல்லபெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நஷ்டமா? அட போங்க சாமி. அது எப்பவும் ஐந்நூறுதான். ஆடிக்கு முன்னாடி எண்ணூறுன்னு ஒட்டுவோம். ஆடி பொறந்ததும் அடிச்சுடுவோம்.”

“அப்போ, காலில் விழணும்னு யாமினிக்கு விலை ஒட்டினது யாரு?”

நல்லபெருமாளின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உங்க வீட்டில் ஆடிக்குப் பொண்ணை எப்படி அழைப்பீங்க?” என்று கேட்டார் சாமி.

“பெத்தவங்க நேரா போவோம் சாமி. பூ, பழமெல்லாம் தட்டுல வச்சு, பொண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்துக் கூப்பிடுவோம்.”

“மாப்பிள்ளை பேரென்ன?”

அங்கேதான் மாட்டிக்கொண்டார் மனுஷர். இத்தனை நாளும் அவர் வாயில் அது ‘அந்தப் பயல்’தான். மகளை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும் என்று கிடந்து தவித்தது அவர் நெஞ்சு.

“ஜெயசீலன்” என்றார் கடைசியில். குரல் எழும்பவே இல்லை.

சாமி வேட்டியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். “இதையும் தட்டுல வச்சு, மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்னு, அந்தப் பேரை இன்னும் கொஞ்சம் சத்தமாக் கூப்பிடுங்க. யாமினியே வந்து கதவைத் திறப்பா.”