சமைத்தவர் என்னும் கட்டம்

ஆசிரியை மெஹருன்னிசாவிடம் இணையதளம் அமைக்கப் படித்தவர்களில் ஒருவர் சிங்கராயர்; எவரையும் எளிதில் நம்பாதவர். பாதி வாழ்நாளைத் தொழிற்சங்கத்தில் கழித்தவர். ஆசிரியையைவிட மூத்தவர். திண்டுக்கல்லில் மில் மூடிய பிறகு, அதன் கேண்டீனில் சமைத்த பெண்களின் சமையல் குறிப்புகளை ஓர் இணையதளத்தில் போட்டுவந்தார்.

ஒருநாள் ஆசிரியை சொன்னார்: "தோழர், உங்கள் தளத்தின் தீமில், அதாவது அதன் வடிவமைப்பு வார்ப்பில், சமையல் குறிப்புக்கான தரவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் போடுவது கட்டுரையா குழம்பா என்றே தேடுபொறிக்குத் தெரியவில்லை. என்ன பொருள், எவ்வளவு நேரம், யார் சமைத்தது என்று தனித்தனிக் கட்டத்தில் கொடுத்தால் அது புரிந்துகொள்ளும்."

"பக்கத்தைப் படிக்கிறவர் கண்ணுக்கு அது தெரியுமா?"

"தெரியாது. இயந்திரத்துக்கு மட்டும்."

"தொழிலாளி கண்ணுக்குத் தெரியாத எழுத்தை முதலாளிதான் எழுதுவான், டீச்சர்."

"இதை நீங்கள்தான் எழுதப்போகிறீர்கள்."

சிங்கராயர் எழுதினார். ஒவ்வொரு கட்டத்திலும் "இதை எதற்குக் கேட்கிறான்?" என்று முனகினார். சோதித்தபோது, பிழை இல்லை என்று பச்சை நிறத்தில் வந்தது. அந்தப் பச்சையையும் அவர் நம்பவில்லை.

ஒரு மாதம் கழித்து, மாடியில் இருந்த வகுப்புக்கு ஏறி வந்தார். கூடவே ஆல்போன்சா. கேண்டீனில் கொள்ளுக் குழம்பு என்றால் ஆல்போன்சாதான்.

"சொன்னேனே டீச்சர், திருடிவிட்டான்!"

"யார்?"

"தேடுபொறிக்காரன்!"

"நீங்க சும்மா இருங்கண்ணே" என்றார் ஆல்போன்சா. "நான் சொல்றேன் டீச்சர். ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல தலைமைச் சமையலுக்கு ஆள் எடுக்கிறாங்க. கொள்ளுக் குழம்பு என்னோடது, நெட்லயே இருக்குன்னு பெருமையாச் சொன்னேன். வார்டனம்மா அங்கேயே போன்ல தேடினாங்க. 'சிங்கராயர்னு ஒருத்தர் பேர் வருதே, அடுத்தவங்க சமையலைச் சொல்லி வேலை கேக்கிறியா?'ன்னாங்க. இன்னிக்குச் சாயங்காலம் முடிவு சொல்றாங்களாம். முடிவு தெரிஞ்சதுதானே. நான் கள்ளி."

"பக்கத்தின் உச்சியில் உன் பெயரைத்தானேம்மா பெரிதாகப் போட்டிருக்கிறேன்" என்றார் சிங்கராயர்.

"அவங்க பக்கத்துக்குள்ள எங்கண்ணே போனாங்க? தேடினதும் மேல வந்ததை மட்டும் பாத்தாங்க. போனை மூடிட்டாங்க."

ஆசிரியை கணினியில் அந்தப் பக்கத்தின் மறைவான வரிகளைத் திறந்தார்.

"தோழர், சத்தமாகப் படியுங்கள்."

"பெயர், கொள்ளுக் குழம்பு. நேரம், ஐம்பது நிமிடம். சமைத்தவர்..."

நிறுத்திவிட்டார்.

"படியுங்கள்."

"சிங்கராயர்."

ஆல்போன்சா அவரையே பார்த்தார்.

"சத்தியமாக நான் எழுதவில்லை!"

"நீங்கள் என்ன எழுதினீர்கள்?"

"ஒன்றும் எழுதவில்லை. காலியாக விட்டேன். நிர்வாகம் ஆள் பெயர் கேட்டால் நாங்கள் கொடுத்ததே இல்லை, டீச்சர். என் பெயரை எழுதிக்கொள் என்போம். பழிவாங்குவதென்றால் என்னோடு போகட்டும். இந்தப் பெண்களின் பெயர் படிக்கிறவர் கண்ணுக்குத் தெரிகிறதே, அதை மறைவாக எவனோ ஒரு கம்பெனிக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?"

இதைச் சொல்லும்போது அவர் தலை நிமிர்ந்திருந்தது.

"அந்தக் கட்டம் காலியாக இருந்தால், பக்கத்தை ஏற்றியவரின் பெயரைத் தீம் எடுத்துக்கொள்ளும்" என்றார் ஆசிரியை.

"அப்படியானால் தீம் செய்தவன் சதி!"

ஆசிரியை கணினியிலிருந்து அவர் பக்கம் திரும்பினார்.

"இந்த ஒரு மாதத்தில் யாராவது உங்களுக்குப் போன் செய்தார்களா, தோழர்?"

"தளத்தில் என் நம்பர் இருக்கிறது. செய்வார்கள்."

"என்ன சொன்னார்கள்?"

"உங்கள் குழம்பு அருமை என்றார்கள்."

"நீங்கள்?"

"நன்றி என்றேன். சங்கத்தின் சார்பில்."

ஆல்போன்சாவுக்குச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பாக இல்லை.

"அடி விழுந்தா முன்னாடி நின்னு வாங்குவீங்க. அது ஊருக்கே தெரியும். மாலை விழுந்தாலும் அதே இடத்துல நிப்பீங்களாண்ணே?"

சிங்கராயர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆசிரியை கட்டத்தில் ஆல்போன்சாவின் பெயரை எழுதிச் சேமித்தார். மறுபடி சோதித்தார். இப்போதும் பச்சைதான் வந்தது.

"ஹாஸ்டல்ல இப்ப தேடினா என் பேர் வருமா டீச்சர்?"

"வராதும்மா. தேடுபொறி மறுபடி வந்து படிக்க நாளாகும்."

"சாயங்காலத்துக்குள்ள?"

"சொல்ல முடியாது."

ஆல்போன்சா தன் போனில் எதையோ தேடி எடுத்துச் சிங்கராயரிடம் நீட்டினார். "வார்டனம்மா நம்பர்."

அவர் போனை வாங்கினார். மில் வாசலில் எத்தனையோ சங்கக் கூட்டங்களில் மைக் பிடித்த கை அது.

"நான் என்னவென்று சொல்ல, டீச்சர்?"

"உங்களுக்குக் கொள்ளு வறுக்கத் தெரியாது என்று சொல்லுங்கள்."