எண்ணில் சேராத அலை

கிறகோரிக்கு வயது அறுபத்தொன்று. அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் தமயந்தி டீச்சருக்கு நாற்பது. தோணி ஓட்டுவதை விட்டுவிட்டு, தூத்துக்குடியில் கப்பல் கட்டுவதற்கு வரைபடம் போடும் அந்த டீச்சரிடம் வந்து சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. எதற்காக வந்தார் என்று டீச்சர் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

புதிதாக ஒரு சரக்குக் கப்பல் கட்டப்போகிறார்கள். பதினெட்டுப் பேரோடு இருபத்தைந்து வருடம் ஓடவேண்டும். அதற்குள் எவ்வளவு பெரிய அலை வந்து அடிக்கும் என்று தெரிந்தால்தான் இரும்புத் தகட்டின் கனத்தை முடிவு செய்யலாம். அதற்காகக் கிறகோரி பழைய கப்பல்களின் அறுபத்து மூன்று குறிப்பேடுகளைப் படித்தார். அலையின் உயரம் பார்த்து, அதற்குரிய கட்டத்தில் ஒவ்வொரு கோடாகப் போட்டார். ஏழு மாதம் ஆயிற்று.

"டீச்சர், எண்ணி முடிச்சாச்சு. நாப்பத்தோராயிரத்து முந்நூத்தி ஆறு."

"ஏழா இருந்தா என்ன செய்வீங்க?" டீச்சர் சிரித்தார்.

"கேலி பண்ணாதீங்க. ரெண்டு தடவை எண்ணிட்டேன். ஆறுதான்."

"பெருசு எது?"

"ஒம்பது மீட்டர். ஒண்ணே ஒண்ணு. அதைத் தாங்குனாப் போதும்ல?"

டீச்சர் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இதையெல்லாம் எழுதினவங்க யாரு, அண்ணாச்சி?"

"கரைக்கு வந்து சேர்ந்தவங்க. அதனாலதான நோட்டு நம்ம கையில..." கிறகோரி நிறுத்திக்கொண்டார்.

"எதையாவது விட்டீங்களா?"

"ஒண்ணு."

அது மற்ற நோட்டுகளோடு அலமாரியில் இல்லை. தன் துணிப்பையிலிருந்து எடுத்தார். உப்பு பூத்த நோட்டு.

"முழுகுன கப்பலோட ஆளில்லாத மிதவையில கிடைச்சது. கேப்டன் கையெழுத்துப் போடாத பக்கத்தைச் சேர்க்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன்."

டீச்சர் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். 'காலை ஆறு மணி. அலை' என்று இருந்தது. அதற்குப்பின் பேனா இழுத்த கோடு பக்கத்தின் விளிம்புவரை போயிருந்தது.

"யார் எழுதினது?"

"எம்மவன் ஜெரோம்."

டீச்சர் அந்தக் கோட்டின் முடிவில் விரலை வைத்தார்.

"உயரமே போடலையே, டீச்சர். இதை நான் எந்தக் கட்டத்துல சேர்ப்பேன்?"

டீச்சர் அடிக்கோலை வைத்து, கடைசியாக இருந்த ஒன்பது மீட்டர் கட்டத்தையும் தாண்டிப் புதிதாக ஒரு கட்டம் வரைந்தார். அதற்கு உயரம் எழுதவில்லை. பென்சிலை அவர் பக்கம் தள்ளினார்.

"கோடு போடுங்க, அண்ணாச்சி. இந்தக் கட்டத்துக்குத்தான் நாம கப்பல் கட்டணும்."

கிறகோரி கோடு போட வெகுநேரம் ஆயிற்று.

"நாப்பத்தோராயிரத்து முந்நூத்தி ஏழு," என்றார்.