சவரிராயனின் ஒரே தட்டு

"மேடம், எத்தனை எண்ணித் தட்டணும்? அதை மட்டும் சொல்லிடுங்க."

சவரிராயன் இதைக் கேட்பது அந்த வாரத்தில் நான்காவது தடவை.

பெர்னதெத் மேடம் எங்கள் பொன்மலை வாத்தியக் குழுவை நடத்துகிறவர். வயது முப்பத்தாறு. சவரிராயனுக்கு அறுபத்து மூன்று. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் கடிகாரத்தைப் பார்த்துப் பச்சைக் கொடி அசைத்த மனுஷன். எங்களிடம் டிரையாங்கிள் என்ற முக்கோணக் கம்பி வாத்தியம் வாசிக்கிறார். வாசிக்கிறார் என்பதே கொஞ்சம் அதிகம்.

நாங்கள் எடுத்திருந்தது ஐமோ ராஸ்தலா என்ற பின்லாந்துக்காரரின் இரண்டாவது சிம்பொனி. அவர் சொந்த ஊரிலேயே அவரைப் பாதிப் பேருக்குத் தெரியாதாம். மேடம் அங்கே மூன்று குளிர்காலம் படித்தபோது ஏதோ ஒரு நூலகத்தில் அந்தத் தாள்களைக் கண்டெடுத்தார்.

நாற்பது நிமிஷ சிம்பொனி. அதில் டிரையாங்கிளுக்கு ஒரே ஒரு தட்டு.

நடுவில் ஓரிடத்தில் நாற்பது பேரும் வாசிப்பதை நிறுத்திவிடுவோம். அப்புறம் மௌனம். அந்த மௌனத்தில் சவரிராயன் தட்ட வேண்டும். அதைக் கேட்டுத்தான் புல்லாங்குழல் ஆரம்பிக்கும்.

தாளில் அந்த மௌனத்தின் மேல் ராஸ்தலா ஒரு வளைவும் அதற்குள் ஒரு புள்ளியும் போட்டிருந்தார். காத்திரு என்று அர்த்தம். எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. எழுதித் தொலைத்திருக்கலாம்.

திங்கட்கிழமை சவரிராயன் ஏழு எண்ணித் தட்டினார். கரண்டி கீழே விழுந்த மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு எண்ணினார். இவர் மறந்தேபோனார் என்று நினைத்துப் புல்லாங்குழல்காரப் பெண் தானே ஆரம்பித்துவிட்டாள். அதற்கப்புறம் ஆளுக்கொரு பக்கம் போனோம்.

"ஒன்பதா மேடம்? பத்தா?"

"தெரியாது சார்."

"உங்களுக்கே தெரியாதா?"

"ராஸ்தலாவுக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பார்ல?"

சவரிராயன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நாலு நாளா எனக்குச் சோறு இறங்கல மேடம். கண்ணை மூடினா அந்த வளைவுதான் வருது. ஞாயித்துக்கிழமை என்னால கெட்டுப்போச்சுன்னா நான் இந்தப் பக்கமே தலை காட்ட மாட்டேன். பேசாம என்னை எடுத்துட்டு வேற யாரையாவது போடுங்க."

மேடம் பிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளரில் காபி ஊற்றி அவர் கையில் கொடுத்தார். ஆவி பறந்தது. சவரிராயன் டம்ளரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஊதினார். கொஞ்சம் பொறுத்து ஒரு வாய் குடித்தார்.

"எத்தனை எண்ணிக் குடிச்சீங்க?"

சவரிராயன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. காபியில தப்புப் பண்ணினா என் நாக்குதான் பொத்துப்போகும். இங்க நாற்பது பேர் இருக்காங்க."

பக்கத்தில் ஆளுயரத் தந்தி வாத்தியமான என் டபுள் பேஸைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்னது நியாயம்தானே. மேடமும் சிரித்துவிட்டார்.

"சரி சார். நான் தலையசைக்கிறேன். போதுமா?"

"நிச்சயமா?"

"நிச்சயமா அசைக்கிறேன்."

சவரிராயனுக்கு உயிர் வந்தது. மீதிக் காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. சவரிராயன் வீட்டம்மா மூன்றாவது வரிசையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு தட்டுக்கு ஜெபமாலையில் ஐம்பத்து மூன்று மணி உருட்டணுமா என்று சவரிராயனைக் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த இடம் வந்தது. நாற்பது பேரும் நிறுத்தினோம்.

சவரிராயன் டிரையாங்கிளைத் தூக்கிப் பிடித்தபடி மேடத்தைப் பார்த்தார்.

மேடம் கை உயர்ந்தபடி இருந்தது. கண்கள் மூடியிருந்தன.

சவரிராயன் முகத்தைக் கேட்கவே வேண்டாம். உதடு தானாக எண்ண ஆரம்பித்தது. நாலு வரைக்கும் நான் பார்த்தேன். அதற்கப்புறம் எண்ணிக்கை குழம்பிப்போனது. ஏழு போயிருக்கும், பன்னிரண்டும் போயிருக்கும். மேடம் கண்ணைத் திறக்கவில்லை. புல்லாங்குழல்காரப் பெண் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன்.

கடைசி வரிசையில் யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஓய்ந்துவிட்டது என்று நான் நினைத்திருந்த என் தடித்த தந்தி இன்னும் லேசாக முனகிக்கொண்டிருந்தது.

சவரிராயன் தலையைச் சாய்த்தார். தூரத்தில் வண்டி வருகிறதா என்று காது கொடுக்கிற மாதிரி. உதடு அசைவது நின்றுபோயிருந்தது.

இருமல் அடங்கியது. என் தந்தி அடங்கியது. வெளியே சாலையில் போன பஸ்ஸின் சத்தமும் தேய்ந்து போனது.

சவரிராயன் தட்டினார்.

அந்தச் சத்தம் மேலே போய் அப்படியே நின்றது. புல்லாங்குழல் அதைத் தொட்டுக்கொண்டு ஆரம்பித்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எல்லாம் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் சவரிராயன் நேரே மேடத்திடம் போனார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கோபத்தில் குரல் நடுங்கியது.

"தலையசைக்கிறேன்னு சொன்னீங்களே மேடம். உங்களை நம்பித்தானே நின்னேன்."

"அசைச்சேனே சார்."

"எப்போ?"

"நீங்க தட்டினதும்."